தமிழில் மனு, இந்தியில் பதில்: என்ன செய்யலாம்?

வணக்கம் நண்பரே. அப்பாவின் ஓய்வூதியம் பற்றி மத்திய அரசு அலுவலகத்துக்குத் தமிழில் மனு போட்டதாகவும், பதில் முழுக்க இந்தியில் வந்ததாகவும் எழுதியிருந்தீர்கள். முதலில் யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். கெடு தேதி ஏதாவது இருந்தால் அது நமக்காகக் காத்திருக்காது.

பிறகு உரிமைக்கு வருவோம். அரசமைப்புச் சட்டம் 350ஆவது பிரிவுப்படி, மத்திய அரசு அலுவலகத்துக்கான குறைதீர்க்கும் மனுவை ஒன்றியத்தில் வழங்கும் எந்த மொழியிலும் தரலாம். எனவே தமிழில் எழுதியது முழுக்கச் சரி. ஆனால் பதிலும் தமிழில்தான் வரவேண்டும் என்று அந்தப் பிரிவு வெளிப்படையாகச் சொல்லவில்லை. பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

உங்கள் கையில் உள்ள வலுவான ஆயுதம் வேறு. மத்திய அரசு அலுவலகங்களில் இந்தியை எங்கே, எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லும் 1976ஆம் ஆண்டின் ஆட்சிமொழி விதிகள் தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது; முதல் விதியிலேயே அப்படித்தான் இருக்கிறது. 1965 போராட்டத்தில் உயிரைக் கொடுத்தவர்களை நினைத்தால், அந்த ஒற்றை வரி எனக்குச் சாதாரணமாகத் தெரிவதில்லை. மேலும், நாடாளுமன்ற உறுப்பினர் சு. வெங்கடேசன் ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்துக்கு இந்தியில் பதில் வந்த வழக்கில், ஆங்கிலத்தில் எழுதினால் ஆங்கிலத்திலேயே பதில் தரவேண்டும் என்று 2021இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னது.

ஆகவே மனுவின் நகலோடு, தமிழிலும் ஆங்கிலத்திலும் மறுகடிதம் எழுதுங்கள். மேலே சொன்ன மூன்றையும் குறிப்பிட்டு, தமிழில் அல்லது ஆங்கிலத்தில் பதில் கேளுங்கள். விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். அசையவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, மனுவின் நிலையைக் கேளுங்கள். அதையும் தமிழிலேயே எழுதலாம்.