ஜனவரியில் டெல்லியில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. வயதான அம்மாவுடன் பழைய டெல்லியை நடந்தே பார்க்க முடியுமா, கார் எடுப்பது நல்லதா?

நடங்கள். கார் வேண்டாம்.

உங்கள் அம்மாவுக்கும் முழங்கால் வலி இருக்கிறது, குளிர் பழக்கமில்லை என்று வைத்துக்கொண்டேதான் சொல்கிறேன். நான் கூட்டிப்போனபோது என் அம்மாவுக்கு 67 வயது. அதற்கு முந்தைய வருடம் ஒரு சுற்றுலாக் குழுவோடு போனவரைச் செங்கோட்டை வாசலில் பத்து நிமிடம் இறக்கிவிட்டு, சால்வைக் கடையில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்திருக்கிறார்கள். "உள்ள என்ன இருக்குன்னே தெரியலடி" என்று அவர் சொன்னது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அப்போது நான் டெல்லியில் வேலையில் இருந்தேன். மறு ஜனவரி நானே வரவழைத்துக் கூட்டிப்போனேன்.

விடிகாலையில் கிளம்பாதீர்கள். பனிமூட்டத்தில் கோட்டைச் சுவர்கூடத் தெரியாது. நாங்கள் பத்து மணிக்கு மேல் லால் கிலா மெட்ரோவில் இறங்கினோம். 1648இல் ஷாஜகான் கட்டி முடித்த செங்கோட்டைக்குள் அவசரமில்லாமல் சுற்றிவிட்டு, எதிரே இருக்கும் சமணர் கோயில் வளாகத்துப் பறவை மருத்துவமனைக்குப் போனோம். இறக்கையில் கட்டுப்போட்ட ஒரு புறா கூண்டுக் கம்பியோடு ஒட்டி நின்றது. அம்மா அதை விட்டு நகரவே இல்லை.

அங்கிருந்து சாந்தினி சௌக். 2021இல் அந்தத் தெருவைச் சீரமைத்த பிறகு பகலில் மோட்டார் வண்டிகளுக்குத் தடை. கோட்டையிலிருந்து ஃபதேபூரி மசூதி வரை ஒன்றரை கிலோமீட்டர்கூட வராது. கால் வலித்தால் சைக்கிள் ரிக்‌ஷா இருக்கிறது. பாதி வழியில் 'தௌலத் கி சாட்' விற்றார்கள். பாலைக் கடைந்து எடுத்த நுரை, மேலே குங்குமப்பூவும் சர்க்கரையும். குளிர்காலத்தில் மட்டும்தான் கிடைக்கும், வெயில் ஏறினால் அடங்கிவிடும். நாக்கில் வைத்ததுமே காணாமல் போனது. அம்மா இன்னொன்று கேட்டார்.

மதியச் சாப்பாடு சீஸ் கஞ்ச் குருத்வாராவில். சீக்கியர்களின் ஒன்பதாவது குரு தேக் பகதூர் 1675இல் தலை வெட்டப்பட்ட இடம் அது. ரொட்டிக்கு அம்மா ஒரு கையை நீட்ட, பரிமாறியவர் "மாதாஜி" என்று கூப்பிட்டு, இரண்டு கையையும் சேர்த்து ஏந்தச் சொல்லிக் காட்டினார்.

சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஆறு வருடம் வேலை பார்த்த அலுவலகத்தில் கடைசி நாள் வரைக்கும் நான் 'மதராஸி'. எங்கள் மாநிலம் தமிழ்நாடு ஆனது 1969இல். பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று எத்தனை முறைதான் கேட்பது? அதே ஊரில் முன்பின் தெரியாத ஒருவர் அம்மாவை "மாதாஜி" என்று கூப்பிட்டதும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

வயதானவரை இப்படி அலைய வைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். எங்கள் சொந்தத்திலேயே கேட்டார்கள். நான் இழுத்துக்கொண்டு ஓடவில்லை. அடுத்துப் போன ஜாமா மசூதியின் படியில் அம்மா இரண்டு முறை உட்கார்ந்தார், நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் செய்த தப்பு ஒன்றுதான், காலுறை எடுத்துப்போகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அந்தச் சிவப்பு மணற்கல் தரையில் கால் வைத்ததும் சில்லென்று முழங்கால் வரை ஏறியது. என் சால்வையைக் கீழே போட்டு அதன்மேல் நிற்க வைத்தேன். தடித்த காலுறை இரண்டு ஜோடி கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள்.

கிழக்கு வாசலில் நின்று பார்த்தால் தூரத்தில் கோட்டை தெரியும். "அங்கேயிருந்தா நடந்து வந்தோம்?" என்று அம்மா இரண்டு தடவை கேட்டார்.

திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், அன்றைக்குக் கோட்டை திறக்காது.