27 வயதில் பவுல்ஸ், தாமதமா?

வணக்கம் சகோதரி. முழங்கால் காயத்தால் ஓட்டத்தை விட்டு, இங்கிலாந்தில் இன்டோர் பவுல்ஸ் (உள்ளரங்கில் பந்தை உருட்டி, சிறிய இலக்குப் பந்துக்கு அருகில் நிறுத்தும் ஆட்டம்) கிளப்பில் சேர்ந்ததையும், "27 வயதில் தாத்தா பாட்டி ஆட்டமா?" என்ற வீட்டுக் கிண்டலையும் எழுதியிருந்தீர்கள்.

கிண்டல் செய்பவர்களிடம் 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியைச் சொல்லுங்கள். பவுல்ஸில் பெண்கள் நால்வர் பிரிவில் தென்னாப்பிரிக்காவை 17-10 என வென்று இந்தியா தங்கம் வாங்கியது. அந்த அணியில் நயன்மோனி சைகியா காயத்தால் பளுதூக்குதலை விட்டவர். லவ்லி சௌபே உங்களைப் போல ஓட்டக்காரர், நாற்பதை ஒட்டிய வயதில் பதக்கம்! அது புல்தரை ஆட்டம்தான், ஆனாலும் உருட்டிய பந்து வளைந்து போகும் கணக்கு ஒன்றே. உள்ளரங்கில் காற்று இல்லை, கம்பளத்தில் பந்து வழுக்கிக்கொண்டு ஓடும். அதனால் கையின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

குனியும்போது வலித்தால் பந்தைப் பிடித்து உருட்டும் கைக்கோல் உண்டு, கிளப்பில் கேளுங்கள்.

வேலையை மட்டும் விடாதீர்கள். பதக்கம் வென்றபோது லவ்லி ஜார்க்கண்ட் போலீஸ், நயன்மோனி அசாம் வனத்துறை, சம்பளம் அங்கிருந்துதான் வந்தது.

அப்புறம், ஜனவரியில் நார்ஃபோக்கின் ஹாப்டனில் உலக இன்டோர் போட்டி நடக்கும். முடிந்தால் பெண்கள் உலக இன்டோர் பட்டம் வென்ற கேத்ரின் ரெட்னால் ஆடுவதை நேரில் பாருங்கள்.