ஒரு சேலையில் ஒல்லியாகவும் இன்னொன்றில் குண்டாகவும் தெரிவது ஏன்?

ஒரே ஆள், ஒரே நிறம். ஆனால் ஜார்ஜெட்டில் சிக்கென்று தெரிபவர், மொடமொடப்பான கோரா பட்டில் திடீரென்று பருத்த மாதிரி தெரிகிறார். காரணம், துணி விழும் விதம். அதாவது, தொங்கவிட்டால் துணி தன் எடையில் எவ்வளவு வளைந்து கீழே இறங்குகிறது என்பது.

நூல் விறைப்பாக இருந்தால் துணி வளைய மறுக்கும். கோராவில் பட்டு நூலின் இயற்கைப் பசையை முழுதாக நீக்குவதில்லை. பருத்தியில் அதே வேலையைக் கஞ்சி செய்கிறது. 5.5 மீட்டர் துணியில் ஆறேழு கொசுவம் வைக்கிறோம்; ஒவ்வொரு மடிப்பும் கொஞ்சம் விறைத்து நின்றாலே வயிற்றுப் பக்கம் உப்பிவிடும். அப்பளத்தையும் தோசையையும் ஓரத்தில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

கடையில் முந்தானை மூலையை இரண்டு விரலால் பிடித்துத் தொங்கவிடுங்கள். ஒடுங்கி விழுந்தால் உடலோடு ஒட்டி நிற்கும், விரிந்து நின்றால் புடைத்துக்கொண்டு நிற்கும். ஒல்லியானவர்களுக்கு இந்த இரண்டாவது வகைதான் எடுப்பு! தினமும் ஆபீஸுக்கு என்றால் கஞ்சி போடாத மெல்லிய பருத்தி போதும். வீட்டில் இருக்கும் மொடமொடப்பான சேலைக்கும் அடுத்த சலவையில் கஞ்சியைக் குறைத்துப் பாருங்கள், காசே செலவில்லை. கல்யாணத்துக்கு சாஃப்ட் சில்க் பார்க்கலாம்.

அப்புறம், விலை கூடினால் நன்றாக விழும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை: கனத்த காஞ்சிபுரம் பட்டின் விலை பட்டுக்கும் ஜரிகைக்கும் நெசவுக்கும்தான், அதைவிட மலிவான ஜார்ஜெட் வழுக்கிக்கொண்டு விழும்.