தொழிலாளியை நன்றாக வைத்திருந்தால் கம்பெனிக்கு லாபம் கூடுமா?

கேள்வி: எம்.பி.ஏ. கடைசி செமஸ்டர் படிக்கிறேன். பணி வாழ்க்கைத் தரம், நிறுவனத்தின் செயல்திறன், சமூகப் பொறுப்பு மூன்றையும் சேர்த்து கடலூரில் ஒரு தொழிற்சாலையில் புராஜெக்ட் செய்ய நினைக்கிறேன். தொழிலாளியை நன்றாக நடத்தினால் லாபம் கூடும் என்று ஆராய்ச்சிகள் சொல்வது உண்மைதானா?

பதில்:

இதே புராஜெக்ட்டை நானும் செய்திருக்கிறேன். நல்ல மார்க். ஆனால் அதில் இருந்த எண்களை இன்று என்னாலேயே நம்ப முடியாது. அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கடலூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் டைம் ஆபீசில், அதாவது தொழிலாளர் வருகையைப் பதியும் அலுவலகத்தில், பதினோரு வருடம் இருந்தேன். பெயர் வேண்டாம். வேலையில் இருந்தபடியே தொலைநிலைக் கல்வியில் எம்.பி.ஏ. சேர்ந்தேன். தலைப்பு, எல்லோரும் எடுக்கும் அதே ‘பணி வாழ்க்கைத் தரம்’. 120 கேள்வித்தாள், ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து கட்டம். தாள்களை நானே நேரில் கொடுத்து வாங்குகிறேன் என்றேன். பர்சனல் மேனேஜர் சிரித்தார். “எதுக்கு அலையறீங்க, சூப்பர்வைசர்கிட்ட கொடுங்க, ரெண்டு நாள்ல வந்துடும்” என்றார். மறுநாளே வந்துவிட்டது.

பாதிக்கு மேற்பட்ட தாள்களில் ஒரே பேனா, ஒரே சாய்வில் டிக். அதிலும் ஐந்தாவது கட்டமான ‘மிகவும் திருப்தி’யில் இல்லை, நான்காவதில். ஐந்தில் போட்டால் சந்தேகம் வரும் என்று சூப்பர்வைசருக்குத் தெரிந்திருக்கிறது. மனுஷன் புள்ளியியல் படிக்காமலே கெட்டிக்காரர். அந்தத் தாள்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் திருப்திக்கும் செயல்திறனுக்கும் அருமையான தொடர்பு வந்து விழுந்தது. வராமல் எங்கே போகும்? ‘எனக்குத் திருப்தி’ என்பதையும் ‘எங்கள் கம்பெனி நன்றாக நடக்கிறது’ என்பதையும் ஒரே ஆள், ஒரே தாளில், ஒரே நிமிடத்தில் டிக் போட்டிருக்கிறார். ஒவ்வொருவரும் அவரவர் தாளை நேர்மையாக நிரப்பியிருந்தாலும் இந்தக் கோளாறு இருக்கும். அன்றைக்கு நல்ல மூடில் இருப்பவர் இரண்டுக்கும் நல்லபடியாகத்தான் போடுவார்.

நேரில் கொடுத்தது ஒரே ஒரு தாள்தான். ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்த ஒரு ஃபிட்டர் அண்ணனிடம். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இன்னா சார் இது, ரேஷன் கடை ஃபாரமா?” என்றார். ‘உணவகத்தின் தரம்’ என்ற வரியில் விரலை வைத்தார். “நீங்க எந்தப் பந்தியில சாப்பிடறீங்க?” என்று கேட்டார். எனக்குச் சட்டென்று புரியவில்லை. எங்கள் கேன்டீனில் நிரந்தரத் தொழிலாளிக்கு மஞ்சள் டோக்கன், ஒப்பந்த ஆளுக்கு ரோஸ் டோக்கன். மஞ்சள் பன்னிரண்டு மணிக்கு, ரோஸ் முக்கால் மணி நேரம் கழித்து. சாப்பாடு ஒன்றுதான். ஆனால் ரோஸ் வரும்போது பொரியல் தீர்ந்திருக்கும், சாம்பாரில் அடிமண்டிதான் இருக்கும். “ரெண்டாம் பந்தியில வந்து குந்திப் பாருங்க சார், அப்புறம் டிக் போடலாம்” என்று தாளைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். தினமும் அந்த டோக்கன்களை எண்ணி அனுப்பியதே நான்தான். எனக்கு அது ஒரு எண்ணிக்கை, அவ்வளவுதான்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ‘தொடர்பு உண்டு’ என்பதற்குச் சான்றுகள் நிறைய இருக்கின்றன. ‘இதனால்தான் அது’ என்பதற்குத்தான் குறைவு.

பாடப்புத்தகம் ஹாத்தார்ன் ஆய்வில் தொடங்கும். 1924இல் சிகாகோ பக்கத்து ஆலையில் விளக்கு வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள், இரண்டிலும் உற்பத்தி கூடியது என்று படித்திருப்பீர்கள். பிற்காலத்தில் அந்தப் பழைய தரவுகளைத் தேடி எடுத்துக் கணக்குப் போட்டவர்களுக்கு அப்படி அதிசயம் எதுவும் கிடைக்கவில்லை. அதை விடுங்கள்.

எனக்குப் பிடித்தது அகமதாபாத் கதை. காலிகோ மில்லில் தானியங்கித் தறிகள் வந்த புதிது. இயந்திரம் புதிது, ஆனால் எதிர்பார்த்த உற்பத்தி இல்லை. 1953இல் லண்டனில் உள்ள டாவிஸ்டாக் என்ற சமூக ஆய்வு நிறுவனத்திலிருந்து ஏ.கே.ரைஸ் வந்து பார்த்தார். நூல் முடிச்சுப் போட ஒருவர், எண்ணெய் விட ஒருவர், ஊடை மாற்ற ஒருவர் என்று வேலை துண்டு துண்டாகக் கிடந்தது. எல்லோரும் எல்லாத் தறிக்கும் ஓடினார்கள், எந்தத் தறிக்கும் யாரும் பொறுப்பில்லை. ஒரு சிறு குழு, அதற்கென்று சில தறிகள் என்று மாற்றலாமே என்று பேச்சு எழுந்ததும், தொழிலாளர்களே அதைப் பிடித்துக்கொண்டு தங்களுக்குள் குழு பிரித்துக்கொண்டார்கள். உற்பத்தி ஏறியது, துணியில் சேதம் குறைந்தது. கூலி உயர்வோ நல்ல கேன்டீனோ இந்த மாற்றத்தைத் தொடங்கி வைக்கவில்லை. ‘இது நம்ம தறி’ என்று சொல்ல இடம் கிடைத்தது, அவ்வளவுதான். 1970 வாக்கில் திரும்பப் போய்ப் பார்த்தபோது சில ஷெட்களில் பழைய பழக்கம் மெல்லத் தலைகாட்டியிருந்தது. இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் கதை பாதிதான்.

‘பணி வாழ்க்கைத் தரம்’ என்று நீங்கள் எழுதப்போவது பெரும்பாலும் ரிச்சர்ட் வால்டன் 1973இல் போட்ட எட்டு அளவுகோல்களாக இருக்கும். சம்பளம், பாதுகாப்பு, திறமையை வளர்க்க வாய்ப்பு என்று போகும். அதில் கடைசியாக வருவதைக் கவனியுங்கள்: தன் நிறுவனம் சமூகத்துக்குப் பொறுப்பாக நடக்கிறதா என்று தொழிலாளி நினைப்பதும் அவருடைய பணி வாழ்க்கைத் தரத்தில் சேர்த்தி. உங்கள் மூன்று தலைப்பும் முட்டிக்கொள்ளும் இடம் அதுதான்.

லாபக் கணக்கு என்றால் நிதித்துறைப் பேராசிரியர் அலெக்ஸ் எட்மன்ஸின் ஆய்வைப் படியுங்கள். அமெரிக்காவில் ‘வேலை செய்யச் சிறந்த 100 நிறுவனங்கள்’ பட்டியலில் வந்த பங்குகள் 1984 முதல் 2009 வரை, ரிஸ்க்கைக் கழித்துப் பார்த்தாலும் ஆண்டுக்கு 3.5 சதவீதம் கூடுதலாக ஈட்டின என்று காட்டினார். ஆனால் நல்லபடி நடத்தியதால் லாபம் வந்ததா, லாபம் இருந்ததால் நல்லபடி நடத்தினார்களா? சமூகப் பொறுப்பைப் பற்றி 1997இல் வாடக், கிரேவ்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இதே கேள்வியைப் போட்டு இரண்டு பக்கமும் சான்று இருப்பதாகச் சொன்னார்கள். கையில் காசு மிஞ்சும் கம்பெனி தாராளமாக இருக்கிறது. இது நம் வீட்டுக்கும் பொருந்தும்.

எது காரணம், எது விளைவு என்ற முடிச்சை அவிழ்க்கச் சோதனைதான் வழி. மும்பை அருகே 17 ஜவுளி நிறுவனங்களின் ஆலைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலவற்றுக்கு மட்டும் இலவசமாக மேலாண்மை ஆலோசகர்களை அனுப்பினார்கள். 2013இல் வெளியான அந்த ஆய்வில், முதல் ஆண்டிலேயே உற்பத்தித்திறன் 17 சதவீதம் கூடியது. ஆனால் அங்கே மாறியது ஸ்டாக் கணக்கு, இயந்திரப் பராமரிப்பு, தரச் சோதனை போன்றவை. அதைத் தொழிலாளர் நலன் என்று புராஜெக்ட்டில் எழுதிவிடாதீர்கள். பெங்களூரு ஆயத்த ஆடை ஆலைகளில் நடந்தது இன்னும் நெருக்கமானது. கரண்ட் மிச்சம் பிடிக்க எல்.இ.டி. விளக்கு மாட்டினார்கள். பழைய விளக்கைவிட அதில் சூடு குறைவு. வெயில் அதிகமான நாட்களில் தையல் வேகம் கூடியது தெரிந்தது. பெங்களூருக்கே அப்படி என்றால், மே மாதக் கடலூரில் தகர ஷெட்டுக்குக் கீழே நின்றவர்களுக்கு ஆய்வே தேவையில்லை.

அடுத்து சி.எஸ்.ஆர்., அதாவது நீங்கள் கேட்ட கம்பெனியின் சமூகப் பொறுப்பு. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு சொல்கிறது. 2014 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. பலருக்குத் தெரியாதது, தன் ஊழியர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மட்டும் பயன்படும் செலவை இந்தக் கணக்கில் காட்ட முடியாது. நியாயம்தான், கடமையைத் தர்மக் கணக்கில் எழுதக்கூடாது. ஆனால் நடைமுறையில் என்ன ஆகிறது? நான் இருந்த இடத்தில் ஒரு வருடம் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு டைல்ஸ் ஒட்டிய கழிப்பறை கட்டிக்கொடுத்தார்கள். ரிப்பன் வெட்டும் படம் ஆண்டறிக்கையில் வந்தது. பிள்ளைகளுக்கு உண்மையிலேயே உபயோகம், குறை சொல்ல மாட்டேன். அதே வருடம் முழுக்க எங்கள் ஒப்பந்தத் தொழிலாளர் கழிப்பறையில் தாழ்ப்பாள் கிடையாது. ஒரு செம்புக் கம்பியை வளைத்துக் கட்டி வைத்திருந்தார்கள். உள்ளே போகிறவர் அதை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். தாழ்ப்பாளுக்கு எந்த அறிக்கையிலும் பக்கம் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எட்டு மணி நேர வேலையைப் புதுச்சேரிக்கு எந்த ஆராய்ச்சியும் கொண்டுவரவில்லை. 1936 ஜூலை 30 அன்று சவானா மில் தொழிலாளர் போராட்டத்தில் பிரெஞ்சுப் போலீஸ் சுட்டு 12 பேர் செத்தார்கள். அதன் பிறகுதான் பிரெஞ்சிந்தியாவில் அது சட்டமானது. லாபம் கூடுமா என்று பார்த்துத்தான் எட்டு மணி நேரம் கொடுப்போம் என்றிருந்தால் இன்னும் பார்த்துக்கொண்டே இருந்திருப்பார்கள். அதனால் உங்கள் கேள்வியிலேயே எனக்குக் கொஞ்சம் உறுத்தல் உண்டு. ஆனால் புராஜெக்ட்டுக்கு அது உதவாது.

உதவுவது இதுதான். டிக் தாளைக் குறையுங்கள், டைம் ஆபீஸ் பதிவேட்டைக் கேளுங்கள். யார் எத்தனை நாள் வந்தார், யார் எப்போது நின்றார், நிரந்தரம் எவ்வளவு, ஒப்பந்தம் எவ்வளவு. மாதாமாதம் புது ஆட்களுக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண் போட்டே என் கை தேய்ந்தது. ஆள் நிற்காமல் ஓடுவதால் பயிற்சியிலும் சேதாரத்திலும் போகிற காசு எவ்வளவு என்று ஒரு நாளும் நான் கணக்குப் போடவில்லை. அத்தனை தரவும் என் மேஜையிலேயே கிடந்தது, நான் சூப்பர்வைசரிடம் தாள் கொடுத்துக்கொண்டிருந்தேன். கம்பெனி பங்குச் சந்தையில் உள்ள பெரிய 1000 நிறுவனங்களில் ஒன்று என்றால், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிப்படி 2022-23 முதல் ‘பி.ஆர்.எஸ்.ஆர்.’ என்ற பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கை தர வேண்டும். நிரந்தரத் தொழிலாளர் எத்தனை, மற்றவர் எத்தனை, விபத்து எத்தனை என்று தனித்தனியே இருக்கும். சி.எஸ்.ஆர். படங்களைத் தாண்டி அந்த அட்டவணைக்குப் போங்கள்.

பேச வேண்டும் என்றால் உள்ளே வேண்டாம். நைட் ஷிஃப்ட் காலை ஆறு மணிக்கு விடும். கேட்டுக்கு எதிரே டீக்கடை இருக்கும். பஸ் வரப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும், அது போதும். தாளை வெளியே எடுக்காதீர்கள். எந்தப் பந்தியில் சாப்பிடுகிறார் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.