வீட்டுப் பத்திரத்த எடுக்கறதுக்கு முன்னாடி பையன் என்ன பண்றான்னு பாருங்க

நேத்து ஒரு அம்மாவும் அப்பாவும் கம்ப்யூட்டர் சயின்ஸ் மூணாவது வருஷம் படிக்கிற பையன கூட்டிட்டு வந்தாங்க. ஏஐ கோர்ஸ்ல இப்பவே சேக்கலேன்னா இவன் எதிர்காலமே போச்சுன்னு சித்தப்பா சொல்லிட்டாராம், வீட்ட அடமானம் வச்சா என்னன்னு பேச்சு ஓடுதாம், அந்தம்மா சொல்லும்போதே குரல் உடையுது. நானும் பதறாதீங்கம்மான்னு தான் ஆரம்பிச்சேன், ஆனா அடமானம்னு காதுல விழுந்ததும் ஆறுதல் சொல்ற மூடே போயிடுச்சு.

வேணாம்மா. கோர்ஸ் பேரு பெருசா இருக்குங்கறதுக்காக வீட்ட வைக்காதீங்க. தவணை கட்டப்போறது சித்தப்பா இல்ல.

பையன்கிட்ட கேட்டேன், காலேஜ் ப்ராஜெக்ட்ல நீ என்னப்பா பண்ணுனன்னு. "நான் கோட் அவ்வளவா எழுதல சார், கிட்ல பசங்க பிராஞ்ச குழப்பிட்டா நான் தான் சரி பண்ணுவேன்"னு தயங்கித் தயங்கி சொன்னான். அம்மா குறுக்க வந்து, "பாத்தீங்களா, அடுத்தவன் வேலைய பாத்துட்டு இருந்திருக்கான்"னாங்க.

நான் நிமிர்ந்து உக்காந்ததே அங்க தான். கிட்ங்கறது பல பேர் சேந்து எழுதற கோடோட மாத்தங்கள பதிஞ்சு வைக்கிற மென்பொருள், ஒவ்வொரு பதிவும் ஒரு கமிட், பிராஞ்ச்னா தனியா பிரிச்சு வேல பாக்கற கிளை. விவரமா சொல்லச் சொன்னேன். கூட படிக்கிறவன் லாகின்ங்கற ரிமோட் பிராஞ்ச்ல, அதாவது சர்வர்ல இருக்கற பிராஞ்ச்ல, வேல பாக்கணும், கிட் செக்அவுட் ஆரிஜின் ஸ்லாஷ் லாகின்னு அடிச்சிருக்கான். அது அவன் பிராஞ்சே இல்ல, சர்வர்ல அந்த பிராஞ்ச் கடைசியா எங்க நின்னுச்சுன்னு நம்ம மெஷின் வச்சிருக்கற குறிப்பு, ஃபெட்ச் பண்ணா, அதாவது சர்வர்லேர்ந்து புது விவரத்த எடுத்தா, புதுசாகும். அதுல போய் நின்னா டிடாச்ட் ஹெட், எந்த பிராஞ்சோடயும் சேராத நிலை, அப்படியே மூணு கமிட் போட்டுட்டு மெயின்ங்கற முக்கிய பிராஞ்சுக்கு மாறிட்டான், திரும்பிப் பாத்தா வேலைய காணோம், ஒரே அழுகை. நம்ம பையன் ரெஃப்லாக்க, அதாவது எந்தெந்த கமிட்ல நின்னோம்னு கிட் வச்சிருக்கற பதிவேட்ட, தொறந்து கடைசி கமிட் நம்பர தேடிப் பிடிச்சு, அது மேல புது பிராஞ்ச் ஒண்ணு வச்சு மூணையும் மீட்டுட்டான். இந்த மாதிரி அனாதையா நிக்கிற கமிட்டுக்கு ரெஃப்லாக்ல சாதாரணமா 30 நாள் தான் ஆயுசு. ஃபெட்ச் பண்ணிட்டு வெறும் கிட் ஸ்விட்ச் லாகின்னு அடிச்சிருந்தா லோக்கல் பிராஞ்ச் தானா உருவாகி ரிமோட்டோட கோத்திருக்கும்னு அவனுக்கு சொல்லியும் குடுத்திருக்கான். அம்மா, இதுக்கு ஆள் வச்சு சம்பளம் குடுக்கறாங்க, ரிலீஸ் இன்ஜினியர்னு பேரு.

நேரா டெவலப்பர் ஆகறது, மேல்படிப்பு, இதெல்லாம் ஊரே சொல்லும், நான் விட்டுடறேன்.

தம்பி, இனி உனக்கு. கிட் மட்டும் தெரிஞ்சா யாரும் வேல தர மாட்டாங்க, லினக்ஸ், கட்டளைகள வரிசையா ஓட்டுற ஷெல் ஸ்கிரிப்ட், கோட் மாறும்போதெல்லாம் தானா சோதிச்சுப் பாக்கற சிஐ பைப்லைன், மூணும் கூட வேணும். நீ பயன்படுத்துற ஏதாவது ஓபன் சோர்ஸ் ப்ராஜெக்ட, அதாவது கோட் எல்லாருக்கும் தொறந்திருக்கறத, ஃபோர்க் பண்ணு, உன் கணக்குல ஒரு நகல் எடுக்கறது தான் அது, ஒரிஜினல் ரிப்போவ, அதாவது கோட் இருக்கற இடத்த, அப்ஸ்ட்ரீம்ங்கற பேர்ல ரிமோட்டா சேத்துக்கோ, ஒவ்வொரு திருத்தத்துக்கும் கிட் ஸ்விட்ச் மைனஸ் சி போட்டு தனி பிராஞ்ச், சர்வருக்கு புஷ் பண்றப்ப மொத தடவ மைனஸ் யூ, அது உன் பிராஞ்ச ரிமோட்டோட கோக்கும், அப்புறம் என் திருத்தத்த சேத்துக்கோங்கன்னு கேக்கற புல் ரிக்வெஸ்ட். டாக்குமென்ட்ல எழுத்துப்பிழை திருத்தறதுல ஆரம்பிச்சாலும் சரி. செக்அவுட்ங்கற கட்டளை ஃபைல மீட்கவும் பிராஞ்ச் மாறவும் ரெண்டுக்கும் ஆகுறதால எல்லாரும் குழம்பினாங்க, அதான் 2019ல வந்த 2.23 வெர்ஷன்ல பிராஞ்ச் மாற ஸ்விட்ச்ச தனியா குடுத்தாங்க, பழைய வீடியோவ பாத்து படிக்காத. பிராஞ்ச் அழிக்கறப்ப சின்ன டி போடு, இன்னும் மெர்ஜ் ஆகாதத, அதாவது வேற பிராஞ்ச்ல சேராதத, அது அழிக்க விடாது, பெரிய டி கேள்வி கேக்காம அழிச்சுடும்.

இதுக்கு ஃபீஸ் எவ்வளவுன்னு அப்பா கேட்டார், அதுவரைக்கும் வாயே தொறக்கல மனுஷன். ஒண்ணுமில்ல சார். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ல கிட்ட எழுதுனப்பவே இலவசமா தான் விட்டாரு. பையன்கிட்ட இருக்கற லேப்டாப் போதும், புதுசும் வாங்கித் தராதீங்க.

சித்தப்பா கேட்டா என்ன சொல்றதுன்னாங்க அம்மா. பையன் படிப்பு முடியறவரைக்கும் டைம் கேட்டிருக்கான்னு சொல்லுங்க. பத்திரம் பீரோவுலயே இருக்கட்டும்.