மலேசிய உறவினர்கள் பெங்களூரில் நம் வீட்டில் வந்து தங்க என்ன விசா எடுக்க வேண்டும்? நாம் என்ன செய்ய வேண்டும்?

நீங்கள் கேட்டது இரண்டு விஷயம். கிள்ளானில் இருந்து வரும் சித்தப்பா குடும்பத்துக்கு விசா எடுக்க ஏஜென்ட் தேவையா என்பது ஒன்று. பெங்களூரில் அவர்களை வீட்டில் தங்க வைக்கும் நீங்கள் ஏதாவது செய்ய வேண்டுமா என்பது இன்னொன்று. ஏஜென்ட் தேவையில்லை. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, அதை எங்கள் வீட்டில் கோட்டை விட்டோம். அந்தக் கதையையும் சேர்த்தே சொல்கிறேன்.

அல்சூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து போகிறவர், மலேசியாவில் ஈப்போ என்ற ஊரில் இருக்கும் அத்தை. அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா. அவருடைய தாத்தா ரப்பர் தோட்ட வேலைக்குப் போனவர். அத்தை பிறந்தது, வளர்ந்தது, பேரன் எடுத்தது எல்லாம் அங்கேதான். என்னைவிட நல்ல தமிழ் பேசுவார். பாஸ்போர்ட்டைக்கூட 'கடப்பிதழ்' என்பார்; அவர்கள் ஊர்ப் பத்திரிகைகளில் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் பெங்களூர் விமான நிலையத்தில் இறங்கிவிட்டால் அவர் வெளிநாட்டுக்காரர்தான். 2023 டிசம்பரில் இருந்து நாம் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியா போய் வருகிறோம் இல்லையா, அதனால் அவர்களுக்கும் இங்கே விசா வேண்டாம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். வேண்டும்.

சுற்றிப் பார்க்கவும் உறவினர்களைப் பார்க்கவும் வருகிறவர்களுக்கு ஆன்லைனிலேயே எடுக்கிற இ-டூரிஸ்ட் விசா போதும். 30 நாள், ஒரு வருடம், ஐந்து வருடம் என்று மூன்று வகை உண்டு. 30 நாள் விசாவுக்கு வந்து இறங்கும் தேதிக்கு முந்தைய 30 நாளுக்குள்தான் விண்ணப்பிக்க முடியும். மற்ற இரண்டுக்கும் 120 நாள் முன்பே போடலாம். எதுவானாலும் குறைந்தது நான்கு நாளாவது கையில் இருக்கட்டும். வருடா வருடம் வருகிறவர் என்றால் ஐந்து வருட விசாதான் லாபம், ஆனால் மலேசியர்கள் அதில் ஒரு தடவைக்குத் தொடர்ச்சியாக 90 நாளுக்கு மேல் தங்க முடியாது.

விண்ணப்பிக்கும் தளத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். அரசின் தளம் இந்தியன்விசாஆன்லைன் டாட் ஜிஓவி டாட் இன். முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடியவில்லையென்றால் உடனே மூடிவிடுங்கள். அத்தையின் மகன் கூகுளில் தேடி, முதலில் வந்த விளம்பரத்தைத் தட்டி, அசோகச் சக்கரமும் தாஜ் மஹாலும் போட்டிருந்த ஏதோ ஒரு தளத்தில் மூன்று பேருக்குப் பணம் கட்டிவிட்டான். விசா வந்தது என்னவோ உண்மை. அவர்களும் இதே அரசுத் தளத்தில்தான் நிரப்பிக் கொடுத்திருக்கிறார்கள், அதற்குப் பல மடங்கு கூலி.

நிரப்புவது கடினமில்லை, ஆனால் கேள்விகள் நீளம். அப்பா அம்மா பெயர், பிறந்த ஊர், மதம், உடம்பில் தெரிகிற அடையாளம், கடந்த பத்து வருடத்தில் போன நாடுகள், முன்பு இந்தியா வந்திருந்தால் தங்கிய முகவரி, பழைய விசா எண் என்று கேட்டுக்கொண்டே போகும். இந்தியாவில் தெரிந்த ஒருவரின் பெயர், முகவரி, போன் எண்ணும் வேண்டும். அங்கே உங்களுடையதைப் போடச் சொல்லுங்கள். பாதியில் நிறுத்திவிட்டுப் பிறகு தொடரலாம், அதற்குத் தருகிற தற்காலிக எண்ணை எழுதி வைத்துக்கொண்டால் போதும். புகைப்படம் வெள்ளைப் பின்னணியில் சதுரமாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டின் விவரப் பக்கத்தைப் பிடிஎஃப்பாக ஏற்ற வேண்டும், 300 கிலோபைட்டுக்குள். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும்.

மலேசியத் தமிழர்களுக்கு என்றே ஒரு சிக்கல் உண்டு, பெயர். அங்கே நமக்குப் போல முதலெழுத்தும் கிடையாது, குடும்பப் பெயரும் கிடையாது. ஆண் என்றால் 'ஏ/எல்', பெண் என்றால் 'ஏ/பி' என்று நடுவில் போட்டு அப்பா பெயர் வரும். மலாயில் இன்னார் மகன், இன்னார் மகள் என்று அர்த்தம். இதை எப்படிப் பிரித்து எழுதுவது என்று குழம்பி ஆளுக்கு ஒரு மாதிரி போட்டுவிடுவார்கள். நீங்களாக எதையும் வெட்டி ஒட்ட வேண்டாம். பாஸ்போர்ட்டின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கும், இயந்திரம் படிப்பதற்காக. அதில் சாய்கோடு வராது. விண்ணப்பத்தில் எழுதிய பெயரின் எழுத்துகள் அந்த வரியோடு ஒத்துப்போகின்றனவா என்று ஒரு தடவை விரல் வைத்துப் பாருங்கள்.

விசா மின்னஞ்சலில் வந்ததும் அதில் உள்ள காலாவதித் தேதியைப் பார்த்துப் பதற வேண்டாம். 30 நாள் விசாவில் அந்தத் தேதிக்குள் இந்தியாவுக்குள் நுழைந்தால் போதும். 30 நாள் என்பது வந்து இறங்கிய நாளில் இருந்து எண்ணப்படும். இ-விசாவோடு எல்லா ஊரிலும் இறங்க முடியாது. பெங்களூர், சென்னை, திருச்சி, கோவை எல்லாம் பட்டியலில் இருப்பதால் உங்கள் சித்தப்பாவுக்குக் கவலையில்லை. 2025 அக்டோபர் 1 முதல் இன்னொன்று சேர்ந்திருக்கிறது, இ-வருகை அட்டை. வருவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். இது இலவசம், காசு கேட்டால் போலித் தளம் என்று அர்த்தம்.

சரி, இனி உங்கள் வேலை.

வெளிநாட்டவர் ஒருவரை வீட்டில் தங்க வைத்தால், அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்துக்கு, அதாவது எஃப்ஆர்ஆர்ஓவுக்கு, ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். ஃபார்ம் சி என்பார்கள். 'அது ஹோட்டல்காரர்களுக்குத்தானே' என்றுதான் நாங்களும் இருந்தோம். சொந்த அத்தை வந்து இட்லி சாப்பிட்டுவிட்டுப் போவதற்கெல்லாம் அரசாங்கத்திடம் சொல்வார்களா என்ன! சொல்லத்தான் வேண்டும். 2025 செப்டம்பர் 1 அன்று 1946-ஆம் வருடத்து வெளிநாட்டினர் சட்டம் போய் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் வந்திருக்கிறது, ஆனால் தங்க இடம் கொடுப்பவரின் இந்தக் கடமை போகவில்லை. வாடகை வீடு என்றாலும் தப்ப முடியாது.

எங்களுக்கு அது தெரியவந்த விதம் மோசம். அத்தை கே.ஆர். மார்க்கெட்டில் பூ வாங்கப் போன இடத்தில், மிதிபட்ட வாழை இலையில் கால் வைத்து வழுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டார். மூன்று வாரம் விமானம் ஏறக் கூடாது என்றார் டாக்டர். விசாவில் மிச்சம் இருந்ததோ எட்டு நாள். 30 நாள் இ-விசாவைச் சாதாரணமாக நீட்டிக்க முடியாது. சரி, டாக்டர் கடிதத்தை வைத்து எஃப்ஆர்ஆர்ஓ தளத்தில் விண்ணப்பிக்கலாம் என்று உட்கார்ந்தால், எங்கே தங்கியிருக்கிறார் என்பதற்குச் சான்றாக ஃபார்ம் சி கேட்டது. அப்போதுதான் அந்தப் பெயரையே நான் கேள்விப்பட்டேன்.

அப்புறம் என்ன, தாமதமாகப் போட்டு, மன்னிப்புக் கடிதம் எழுதி, சாந்திநகர் பஸ் ஸ்டாண்ட் கட்டடத்தின் மாடியில் இருக்கும் அந்த அலுவலகத்துக்கு இரண்டு தடவை போனேன். பெங்களூரில் இருபது வருடம் இருந்து பேசாத கன்னடத்தை எல்லாம் அன்றைக்குப் பேசினேன். அபராதம் கட்டிய பிறகு, அத்தை நாட்டை விட்டுப் போவதற்கான அனுமதி மின்னஞ்சலில் வந்தது. தப்பு முழுக்க எங்களுடையது, வேறு யாரையும் குறை சொல்வதற்கில்லை.

உண்மையில் ஃபார்ம் சி பத்து நிமிட வேலை. இந்தியன்எஃப்ஆர்ஆர்ஓ டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் வீட்டு முகவரியைக் கொடுத்து ஒரு கணக்குத் தொடங்க வேண்டும். அதை அவர்கள் வருவதற்கு முந்தைய வாரமே முடித்து வையுங்கள். 24 மணி நேரத்துக்குள் விருந்தும் வைத்து இதையும் செய்வது கஷ்டம். வந்த பிறகு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பாஸ்போர்ட் எண், விசா எண், இந்தியாவுக்குள் வந்த தேதி, எத்தனை நாள் தங்குவார், அடுத்து எங்கே போவார் என்று நிரப்பிப் படத்தை ஏற்றினால் முடிந்தது. கிடைக்கிற பிரதியை அச்செடுத்து அவர்கள் பாஸ்போர்ட்டோடு வைத்துவிடுங்கள். போன டிசம்பரில் அத்தை மறுபடி வந்தபோது, இரண்டாம் முனையத்தில் இருந்து வீட்டுக்கு வரும் வழியில் ஹெப்பாளப் பாலத்து டிராஃபிக்கில் காருக்குள் உட்கார்ந்தே போட்டு முடித்துவிட்டேன். வீடு வந்து சேர இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

சித்தப்பாவுக்கு இங்கே ஆஸ்பத்திரி வேலையும் இருக்கிறது என்றால், முழங்கால் அறுவை சிகிச்சை மாதிரி, டூரிஸ்ட் விசாவில் வர வேண்டாம். அதற்கு இ-மெடிக்கல் விசா தனியாக உண்டு. 60 நாள், மூன்று தடவை வந்து போகலாம். ஆஸ்பத்திரியின் கடிதத் தாளில் கடிதம் வாங்கி ஏற்ற வேண்டும்.

வெளியூர் போனால், தங்குகிற ஹோட்டல்காரர்கள் அங்கே தனியாக ஃபார்ம் சி போடுவார்கள். உறவுக்காரர் வீடு என்றால் அந்த வீட்டுக்காரர்தான் போட வேண்டும். முன்பதிவு செய்யும்போதே வெளிநாட்டு பாஸ்போர்ட் என்று சொல்லிவிடுங்கள், ஏனென்றால் சின்ன லாட்ஜ்கள் பல இந்தப் பதிவு வைத்திருப்பதில்லை. பழனியில் ராத்திரி பத்து மணிக்கு ஒரு லாட்ஜில், அத்தை பேசிய தமிழைக் கேட்டுவிட்டு, 'ஆதார் கார்டு கொடுங்கம்மா' என்றார் வரவேற்பில் இருந்த பையன். அத்தை கடப்பிதழை எடுத்து நீட்டினார். பையன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'ஃபாரினர்னா எங்ககிட்ட ரூம் இல்லைங்களே' என்றார். அதற்கு மேல் இரண்டு லாட்ஜ் ஏறி இறங்கித்தான் அன்றைக்குப் படுக்க இடம் கிடைத்தது.