விளையாடும்போது கடிக்கும் நாய்க்குட்டியை அடிக்காமல் திருத்த முடியுமா?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கத்தில் இருக்கிறோம். வீட்டில் இரண்டரை மாத நாட்டு நாய்க்குட்டி. பிள்ளைகளோடு விளையாடும்போது கை, கால், துணி எல்லாவற்றையும் கடிக்கிறது. ஈர்க்கிலால் அடித்தும் கேட்கவில்லை. வளர்ந்தால் கடிநாய் ஆகிவிடுமா?

பதில்: ஆகாது அக்கா. ஆனால் அந்த ஈர்க்கிலை இன்றைக்கே தூக்கிப் போடுங்கள். அடித்தால் கடி நிற்காது. கை கிட்டே வந்தாலே பயம் என்று ஆகிவிடும், பயந்த நாய்தான் பின்னால் நிஜமாகவே கடிக்கும். மூக்கில் தட்டுவது, வாயைப் பொத்திப் பிடிப்பது, கையில் மிளகாய் தேய்த்துக்கொள்வது எல்லாமே இதே ரகம்தான்.

குட்டிக்குக் கை கிடையாது, எதையும் வாயால் பிடித்துத்தான் பார்க்கும். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைத் தாயிடமும் கூடப்பிறந்த குட்டிகளிடமும்தான் கற்றுக்கொள்கிறது. ஒன்று ஓங்கிக் கடித்தால் மற்றது கத்திவிட்டு விளையாட்டை விட்டுப் போய்விடும். நம் ஊரில் பெரும்பாலும் ஒரு மாதத்திலேயே குட்டியைப் பிரித்துக் கொண்டுவந்துவிடுகிறோம். எட்டு வாரமாவது தாயோடு இருக்க வேண்டும். அங்கே படிக்காமல் வந்த பாடத்தை இனி நீங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும், அதே முறையில்: பல் பட்டால் விளையாட்டு முடிந்தது.

சாயங்காலம் வீட்டில் நடப்பதைக் கவனித்துப் பாருங்கள். அண்ணன் திண்ணையிலிருந்து எழுந்து நடப்பார், சாரத்தின் (லுங்கியின்) விளிம்பு ஆடும், குட்டி பாய்ந்து கவ்வும். அவர் "சீ, விடு" என்று காலை உதறுவார். குட்டிக்கு இதைவிடக் கொண்டாட்டம் வேறென்ன வேண்டும்? உதறாமல் அப்படியே நின்றுவிடச் சொல்லுங்கள். கையைக் கவ்வினாலும் வெடுக்கென்று இழுக்கக் கூடாது, இழுத்தால்தான் தோல் கிழியும். கையைத் தளர்த்தி விட்டு, அது விட்டதும் எழுந்து, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்துங்கள். அரை நிமிடம் போதும். திரும்பி வந்து ஒன்றும் நடக்காததுபோல் விளையாடுங்கள். மறுபடி கடித்தால் மறுபடி உள்ளே. முதலில் சில நாள் கடி கூடுவதுபோலக்கூட இருக்கும், பழைய வித்தை ஏன் பலிக்கவில்லை என்று அது முட்டிப் பார்க்கிறது. அந்த நேரத்தில் மட்டும் விட்டுக்கொடுத்துவிடாதீர்கள்.

வீட்டில் எல்லாரும் ஒன்றுபோல் நடந்தால்தான் இது பலிக்கும். நீங்கள் கதவைச் சாத்த, பாட்டா "குட்டிதானே, கடிக்கட்டும்" என்று விரலைக் கொடுத்துக்கொண்டிருந்தால் எத்தனை மாதமானாலும் நிற்காது. பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடக் கூடாது. ஓடினால் துரத்தும். கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் நிற்கப் பழக்குங்கள். சின்னப் பிள்ளைகளையும் குட்டியையும் தனியாக விடவே வேண்டாம்.

கடிக்க அதற்கென்று ஒன்று வேண்டும். பழைய துவர்த்தை (துண்டை) கெட்டியாக முடிச்சுப் போட்டு, நனைத்து, ஃபிரிட்ஜில் வைத்து எடுத்துக் கொடுங்கள். பால் பல் விழ ஆரம்பிக்கும் நாலாம் மாதத்தில் ஈறு குடையும், அப்போது அந்தக் குளிர்ச்சி சுகமாக இருக்கும். நூல் பிரிந்தால் வாங்கிவிடுங்கள். கதம்பையை, அதாவது தேங்காய் மட்டையைப் போட்டுவிடுவது நம் பக்கத்தில் வழக்கம், அது வேண்டாம். நார் வயிற்றில் போய் அடைத்துக்கொள்ளும். வேகவைத்த கோழி எலும்பும் கூடாது.

இன்னொன்று, தூக்கம். இந்த வயதில் ஒரு நாளில் 18 மணி நேரம்கூடத் தூங்கும். பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் இருட்டும்வரை விடாமல் விளையாடினால், அலுத்துப்போன குட்டி வெறிபிடித்ததுபோல் கடிக்கும். அப்போது கண்டிக்காதீர்கள். சத்தமில்லாத மூலையில் படுக்கவிடுங்கள். மழை விடாத ஆனி, ஆடி மாதங்களில் வெளியே விட முடியாமல் கடி கூடுவதும் உண்டு. சோற்றை ஒளித்துவைத்துத் தேடவிட்டால் கொஞ்சம் அடங்கும்.

இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். வெறிநோய்த் தடுப்பூசி குட்டிக்கு மூன்று மாதத்தில்தான் போடுவார்கள், உங்கள் குட்டிக்கு இன்னும் போட்டிருக்காது. விளையாட்டுக் கடியே ஆனாலும் தோல் கீறினால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், காப்பிப்பொடி எதுவும் பூச வேண்டாம். அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஊசி இலவசம். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி வரை போக முடியாவிட்டால் பக்கத்தில் இருக்கும் அரசு ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். "நம்ம வீட்டுக் குட்டிதானே" என்று இருந்துவிடக் கூடாது.

ஆறேழு மாதத்தில் பெரிய பல் எல்லாம் முளைத்துவிடும், அதற்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். உடம்பை விறைத்துக்கொண்டு, சோற்றுத் தட்டருகே போனாலோ தொட்டாலோ உறுமிக் கடிக்கிறது என்றால் அது விளையாட்டு இல்லை. கால்நடை மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள். உடம்பில் எங்காவது வலி இருந்தாலும் குட்டி அப்படித்தான் செய்யும்.